தொடங்கும் முன்பே பழசாகிப்போன திட்டம்: இங்கிலாந்து முதியோர் இலவசப் பேருந்துப் பயணத்தை வென்ற கதை

2006 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனில் முதியோருக்கான இலவசப் பேருந்துத் திட்டங்கள் இரண்டு ஒரே நாளில் தொடங்கின. ஸ்காட்லாந்தில் 60 வயது நிரம்பியவர் கையில் அட்டை இருந்தால் போதும். தெற்கு எல்லையில் இருக்கும் கிரெட்னாவில் கிளம்பி வடகோடித் தர்சோ வரைக்கும் பஸ் மாறி மாறிக் காசில்லாமல் போகலாம். காலை நெரிசல் நேரமானாலும் சரி, தொலைதூரக் கோச்சானாலும் சரி. இங்கிலாந்தில் அதே வயதுக்காரருக்கு இலவசம் அவருடைய உள்ளாட்சியான கவுன்சிலின் எல்லை வரைக்கும்தான். அதுவும் வார நாட்களில் காலை 9.30-க்குப் பிறகு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்துத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கியவர் அன்றைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுன். அவர் ஸ்காட்லாந்துக்காரர், தொகுதியும் அங்கேதான். மார்ச் 22 பட்ஜெட் உரையில் அவர், 2008 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்து முதியோரும் நாட்டின் எந்த மூலைக்கும் இலவசமாகப் போகலாம் என்று அறிவித்துவிட்டார். உள்ளூர்த் திட்டத்தின் முதல் பஸ் கிளம்ப இன்னும் பத்து நாள் இருந்தது. அதற்குள் அதை ஓரங்கட்டும் அடுத்த திட்டம் வந்தாயிற்று.

ஓய்வூதியர் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடியதால்தான் இது நடந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அரைகுறையாகக் கொடுத்த சலுகை எங்கே போய் இடிக்கிறது என்று அதைப் பயன்படுத்தியவர்களே தினமும் கண்டார்கள். அதைவிடப் பெரிய பிரச்சாரம் வேறில்லை. அதே சமயம், வென்றவர்கள் கேட்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அதற்கான விலையை இங்கிலாந்தின் கிராமங்கள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

பர்மிங்ஹாமில் தோற்ற வழக்கு

இதன் வேர் 1950-களின் பர்மிங்ஹாமில் இருக்கிறது. நகரக் கவுன்சிலே டிராமும் பஸ்ஸும் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. 65 தாண்டிய பெண்களும் 70 தாண்டிய ஆண்களும் இலவசமாகப் போகட்டும், குறையும் வருமானத்தை நகர வரியிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று கவுன்சில் முடிவெடுத்தது. பிரெஸ்காட் என்ற வரி செலுத்துபவர் வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் அவரே ஜெயித்தார்.

தனக்குப் பொருத்தமாகப் படும் கட்டணத்தை வசூலிக்கக் கவுன்சிலுக்குச் சட்டத்தில் இடமிருந்தது. அந்தப் பொருத்தத்துக்குள் இலவசம் அடங்காது என்றார்கள் நீதிபதிகள். வரி செலுத்துவோரின் பணத்துக்குக் கவுன்சில் ஏறக்குறைய ஓர் அறங்காவலர். பஸ்ஸைத் தொழிலாக நடத்த வேண்டியிருக்க, மற்றவர் செலவில் ஒரு பிரிவினருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுக்க அதற்கு அதிகாரமில்லை. தீர்ப்பின் சாரம் இதுதான். 1981-இல் லண்டன் பெருநகரக் கவுன்சில் பேருந்து, சுரங்க ரயில் கட்டணங்களைக் குறைத்தபோது, அதைச் சட்டவிரோதமென்று சொன்ன, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் எடுத்துக்காட்டிய பழைய வழக்குகளில் பிரெஸ்காட் வழக்கும் ஒன்று.

ஓய்வூதியர் இயக்கத்துக்கு இந்தத் தோல்வி ஒரு பாடம். நல்லெண்ணம் கொண்ட கவுன்சில் மட்டும் போதாது, நாடாளுமன்றத்தில் சட்டம் வேண்டும். 1955-இலேயே அவசரமாக ஒரு சட்டம் வந்தது. ஆனால் ஏற்கெனவே சலுகை கொடுத்துவந்த ஊர்களுக்கு மட்டும்தான் அது பொருந்தியது. 1964-இல் பஸ் ஓட்டும் மற்ற நகராட்சிகளுக்கும் வழி திறந்தது. 1968-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், பிறர் ஓட்டும் பஸ்ஸில் தரப்படும் சலுகைக்கும் கவுன்சில் பணம் கொடுக்கலாம் என்றது. அந்தச் சட்டத்தை வடிவமைத்த அமைச்சர் பார்பரா காசில். முப்பது ஆண்டு கழித்து அவர் இந்தக் கதையில் மறுபடி வருவார்.

எல்லாமே "கொடுக்கலாம்" வகைச் சட்டங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். "கொடுத்தாக வேண்டும்" என்று ஒன்றிலும் இல்லை. அதனால் ஊருக்கு ஒரு விதி. ஒரு ஊரில் இலவசம், பக்கத்து ஊரில் அரைக் கட்டணம், அதற்கடுத்த ஊரில் ஒன்றுமே இல்லை, அல்லது டாக்சிக்குக் கொடுக்கும் டோக்கன். லண்டன் தனி உலகம். அங்கே 1973-லேயே ஓய்வூதியருக்குப் பஸ் இலவசம். பெருநகரக் கவுன்சிலை 1986-இல் தாட்சர் அரசு கலைத்த பிறகும் லண்டனின் பரோக்கள் (நகரப் பிரிவு உள்ளாட்சிகள்) கூட்டாகப் பணம் போட்டு அந்தச் சலுகையைக் காப்பாற்றின. ஹாரோ, ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் நம் ஈழத்துப் பெரியவர்கள் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் எடுத்துக்கொண்டு போகும் ஃப்ரீடம் பாஸ் அந்த வழியில் வந்ததுதான்.

அதே 1986-இல் லண்டனுக்கு வெளியே பேருந்துச் சேவை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. எந்த வழித்தடத்தில் ஓட்டுவது, எவ்வளவு வாங்குவது எல்லாம் கம்பெனியின் முடிவு. லாபம் வராத வழித்தடத்துக்கு விருப்பமிருந்தால் கவுன்சில் மானியம் கொடுத்து ஓட்டவைக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கலெல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கேட்டது பென்ஷன்

தேசிய ஓய்வூதியர் மாநாடு என்ற அமைப்பு 1979-இல் உருவானது. அதன் மையத்தில் இருந்தவர் ஜாக் ஜோன்ஸ். 1913-இல் லிவர்பூலில் பிறந்தவர், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுப் படைக்காகச் சண்டையிட்டு எப்ரோ ஆற்றுச் சண்டையில் காயம்பட்டவர், பிறகு போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளர். 1978-இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார், வேலையிலிருந்து அல்ல. தொழிற்சங்கத்தில் கற்ற அமைப்புக் கட்டும் வித்தையை அப்படியே ஓய்வூதியரிடம் கொண்டுவந்தார். வட்டாரக் கிளைகள், ஆண்டுதோறும் பிளாக்பூல் கடற்கரை நகரத்தில் கூடும் "ஓய்வூதியர் நாடாளுமன்றம்", வெஸ்ட்மின்ஸ்டரில் எம்.பி.க்களைச் சந்திக்கும் நாட்கள் என்று அது வளர்ந்தது.

இலவசப் பயணம் இவர்களின் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது உண்மை. ஆனால் முதல் கோரிக்கை அதுவல்ல. அரசு ஓய்வூதியம் சம்பள உயர்வோடு சேர்ந்து உயரும் ஏற்பாட்டை 1980-இல் தாட்சர் அரசு துண்டித்து, விலைவாசியோடு மட்டும் இணைத்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவா என்பதுதான் தலையாய கோரிக்கை. 1997-இல் லேபர் ஆட்சி வந்தும் அது நடக்கவில்லை. 2000 ஏப்ரலில் ஓய்வூதிய உயர்வு வாரத்துக்கு 75 பென்ஸ் என்று வந்ததும் நாடே கொதித்தது. அந்த ஆண்டின் லேபர் மாநாட்டில் 87 வயது ஜோன்ஸும் 89 வயது பார்பரா காசிலும் மேடையேறித் தங்கள் கட்சியின் அமைச்சர்களையே எதிர்த்தார்கள். வாக்கெடுப்பில் தலைமை தோற்றது. தோற்றும் அரசு அசைந்துகொடுக்கவில்லை.

எனக்குத் தெரிந்தவரை பஸ் பாஸின் அரசியல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஓய்வூதியத்தைச் சம்பளத்தோடு இணைத்தால் ஆண்டுக்காண்டு ஏறும் செலவு, அதற்கு முடிவே கிடையாது. பஸ் பாஸ் அதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. பகலில் பாதி காலியாக ஓடும் வண்டி, கண்ணுக்குத் தெரியும் ஒரு அட்டை, நன்றியோடு காட்டும் கைகள். ஓட்டுப் போடத் தவறாத ஒரு வயதினருக்கு நிதியமைச்சர் ஒருவர் தரக்கூடிய இதைவிடச் சிக்கனமான பரிசு எனக்குத் தெரியவில்லை. பிரவுன் இதை இப்படிச் சொன்னதில்லை. ஆனால் தேதிகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள்.

முதல் படி 2001 ஜூன். இங்கிலாந்து முழுக்க உள்ளூர்ப் பேருந்துகளில் முதியோருக்கு அரைக் கட்டணமாவது கட்டாயம் என்ற விதி அமலுக்கு வந்தது. "கொடுத்தாக வேண்டும்" என்ற சொல் சட்டத்தில் ஏறியது அப்போதுதான். அதிலும் ஒரு கோணல் இருந்தது. பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65. ஓர் ஆண் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் அரசு சமரசத்துக்கு வந்தது. 2002-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2003 ஏப்ரலிலிருந்து இருவருக்கும் 60 ஆனது. இதற்கிடையே 2002 ஏப்ரலில் வேல்ஸ் முழு இலவசத்தைக் கொண்டுவந்துவிட்டது, காலை நேரக் கட்டுப்பாடு கூட இல்லாமல். அயர்லாந்துக் குடியரசிலோ சார்லஸ் ஹாஹி நிதியமைச்சராக இருந்த 1967-லேயே ஓய்வூதியருக்கு இலவசப் பயணம் வந்துவிட்டது. ஆக, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் முந்திக்கொள்ள, இங்கிலாந்துதான் பின்தங்கி நின்றது.

எல்லைக்கோடே வாதாடியது

2005 மே தேர்தலில் உள்ளூர் கவுன்சில் வரி பெரிய பிரச்சினை. முதியோருக்கு அந்த வரியில் தள்ளுபடி தருவதாகக் கன்சர்வேடிவ் கட்சி சொன்னது. மார்ச் பட்ஜெட்டில் பிரவுன் பதிலடி கொடுத்தார்: ஓய்வூதியர் வீடுகளுக்கு ஒரு தடவை 200 பவுண்டு, அடுத்த ஆண்டிலிருந்து உள்ளூர்ப் பேருந்து இலவசம், அதற்கென 35 கோடி பவுண்டு.

"உள்ளூர்" என்றால் என்ன என்பதில்தான் எல்லாம் சிக்கியது. இங்கிலாந்தில் அப்போது சலுகை தரும் பொறுப்பில் 300-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருந்தன. கிரேட்டர் மான்செஸ்டர் மாதிரியான பெருநகரப் பகுதியில் பத்து பரோக்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ், அதனால் அங்கே எல்லை தட்டுப்படாது. கிராமப்புற மாவட்டத்தில் அப்படியில்லை. சந்தை கூடும் ஊர் ஒரு கவுன்சிலில், பெரிய மருத்துவமனை இன்னொன்றில், மகள் குடியிருக்கும் தெரு மூன்றாவதில். கட்டணமில்லாமல் ஏறி உட்கார்ந்தவர் எல்லை வந்ததும் மிச்ச தூரத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். சில இடங்களில் போகும்போது இலவசம், திரும்பும்போது முழுக் கட்டணம். அக்கம்பக்கத்துக் கவுன்சில்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் பிரச்சினையில்லை. போடாத இடத்தில் டிரைவருக்கும் பயணிக்கும் வாக்குவாதம்.

நாடு முழுக்க இலவசம் வேண்டும் என்று அதுவரை கேட்டவர்கள் அதைக் கொள்கையாகத்தான் பேசினார்கள். எல்லைக்கோடு வந்த பிறகு கொள்கை தேவைப்படவில்லை. தொகுதி அலுவலகத்துக்கு வரும் பெரியவர் எந்த அறிக்கையையும் கொண்டுவர வேண்டியதில்லை. "என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி மூன்று மைல், பாஸ் இரண்டாவது மைலில் செல்லாது" என்றால் எம்.பி.யிடம் என்ன பதில் இருக்கும்? அதற்கு மேல், ஸ்காட்லாந்தின் உதாரணம் வேறு. அங்கே தனித்தனியாக இருந்த 16 வட்டாரத் திட்டங்களை ஒன்றாக்கி ஒரே தேசியத் திட்டமாக மாற்ற முடிந்தது என்றால் இங்கே ஏன் முடியாது? பிரவுன் பத்து நாள் முன்னதாக அறிவித்ததைப் பெருந்தன்மை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் 1 அன்று என்ன கேள்வி வரும் என்பது தெரிந்து, பதிலை முன்கூட்டியே வைத்துவிட்டார்.

அந்த 35 கோடி பவுண்டைப் பிரித்த விதமும் அதற்குத் துணை செய்தது. அதை உள்ளாட்சிகளுக்கான பொது மானியத்தில் கலந்துவிட்டார்கள். எங்கே எத்தனை முதியோர் உண்மையில் பஸ் ஏறுகிறார்கள் என்பதற்கும் கிடைத்த பணத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. சில கவுன்சில்களுக்குக் கையில் மிச்சம், சிலவற்றுக்குத் துண்டு. பஸ் அதிகம் ஓடும் டைன் அண்ட் வேர் போன்ற பகுதிகள் பற்றாக்குறையில் மாட்டின. அங்கே பிற சேவைகளை வெட்டும் பேச்சு வந்ததும், தேசிய அளவிலான ஏற்பாடு வேண்டும் என்று உள்ளாட்சிகளிலிருந்தும் குரல் எழுந்தது. பொதுவாக இந்த மாதிரிப் பிரச்சாரங்களில் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டிய தரப்பு இது.

மசோதா 2006 நவம்பரில் பிரபுக்கள் சபையில் நுழைந்து, 2007 ஜூலை 19 அன்று சட்டமானது. காலை 9.30 கட்டுப்பாட்டை எடுக்க வேண்டும், ஊனமுற்றோரின் துணையாளுக்கும் இலவசம் வேண்டும், பஸ்ஸே இல்லாத இடத்தில் சமுதாய வேன்களையும் சேர்க்க வேண்டும் என்ற திருத்தங்கள் விவாதத்துக்கு வந்து, செலவு என்ற ஒரே காரணத்தால் ஓரம் தள்ளப்பட்டன. 2008 ஏப்ரல் 1-இல் புதிய அட்டை அமலுக்கு வந்தது. புகைப்படம், சிப், மூலையில் இங்கிலாந்தின் ரோஜாச் சின்னம். தகுதியுள்ளவர்கள் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர். முதலாண்டுக் கூடுதல் செலவுக்கென்று 21.2 கோடி பவுண்டு தனி மானியம். உள்ளூர்ப் பஸ்ஸிலேயே மாறி மாறி நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதைச் சில பெரியவர்கள் பொழுதுபோக்காகவே ஆக்கிக்கொண்டார்கள்.

பஸ்ஸை யார் கேட்பது?

பஸ் கம்பெனிக்குப் பணம் எப்படிப் போகிறது? கம்பெனிக்கு இத்திட்டத்தால் லாபமும் கூடாது, நஷ்டமும் கூடாது என்பது சட்டத்தின் கொள்கை. கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் தலைவலி. உதாரணத்துக்கு, இலவசமென்பதால் பத்துப் பேர் ஏறுகிறார்கள். காசு கொடுக்க வேண்டியிருந்தால் ஆறு பேர்தான் ஏறியிருப்பார்கள். அப்படியானால் ஆறு கட்டணமும், கூட வந்த நால்வரால் ஆன சின்னச் செலவும் கம்பெனிக்குச் சேர வேண்டும். அந்த ஆறு என்ற எண்ணை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, மதிப்பிடத்தான் முடியும். ஏழு என்பார் கம்பெனிக்காரர், ஐந்து என்பார் கவுன்சில் கணக்காளர். மேல்முறையீடுகள் குவிந்தன.

அடுத்தது, பயணி எங்கே ஏறுகிறாரோ அந்த ஊர் உள்ளாட்சிதான் பணம் கட்ட வேண்டும். அவர் வசிக்கும் ஊர் அல்ல. பிளாக்பூல், ஸ்கார்பரோ போன்ற கடற்கரைச் சுற்றுலா ஊர்களுக்கு இது பெரிய சுமை. வெளியூர் முதியோர் கோடையில் கூட்டமாக வந்து ஊரைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது அவர்களின் டிக்கெட்டுக்கும் அந்த ஊரே பணம் தர வேண்டும். தனி மானியம் இதைச் சரிகட்டவென்று வந்ததுதான். 2011-இல் அதையும் பொது மானியத்தில் கரைத்துவிட்டார்கள். அதே நேரத்தில் சிக்கன நடவடிக்கை என்று உள்ளாட்சிகளின் நிதியை அரசு வெட்டிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் வெற்றி திரும்பிக் கடித்தது. பாஸ் சட்டக் கட்டாயம், கவுன்சில் அதில் கைவைக்க முடியாது. லாபமில்லாத கிராமப் பஸ்ஸுக்கும் மாலை நேரப் பஸ்ஸுக்கும் தரும் மானியமோ கவுன்சிலின் விருப்பம். பணம் குறைந்தால் எது போகும்? தரமான போக்குவரத்துக்கான பிரச்சார அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் கணக்கெடுத்தது. 2010-க்குப் பிறகான எட்டு ஆண்டுகளுக்குள் மானியத்தில் ஓடிய வழித்தடங்களில் 3,000-க்கும் மேல் குறைக்கப்பட்டன அல்லது நின்றே போயின. கையில் நாடு முழுக்கச் செல்லும் பாஸ் இருக்கிறது, நிறுத்தத்தில் பஸ் வருவதில்லை. கட்டணச் சலுகையை உரிமையாக்கியவர்கள் சேவையை உரிமையாக்கவில்லை. குறைந்தபட்சம் இத்தனை மைலுக்குள், இத்தனை மணிக்கு ஒரு தடவை பஸ் வர வேண்டும் என்று 2007 சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை. பிரச்சாரகர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு அதையும் சேர்த்துக் கேட்டிருந்தால் ஒன்றுமே கிடைக்காமல் போயிருக்கலாம்.

வயதும் நழுவியது. 2010 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் பாஸ் கிடைக்கும் வயது பெண்களின் ஓய்வூதிய வயதோடு கட்டப்பட்டது. அது ஏற ஏற இதுவும் ஏறி 2020-இல் 66 ஆனது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இன்றும் 60. லண்டன்வாசிகளுக்கும் 60-இலிருந்து தனி அட்டை உண்டு.

பார்ன்ஸ்லியின் டிக்கெட் எடுக்காத பயணிகள்

சலுகையை வாங்குவது ஒரு வேலை, வாங்கியதைக் காப்பது வேறு வேலை. இரண்டாவதற்கு சவுத் யார்க்‌ஷயர் நல்ல உதாரணம். சட்டம் பஸ்ஸை மட்டும்தான் காக்கிறது. உள்ளூர் ரயிலில் இலவசம் என்பது அந்த வட்டாரம் தானாகக் கொடுத்துவந்த கூடுதல் சலுகை. 2014 வசந்தத்தில் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அது நிறுத்தப்பட்டது. அங்குள்ள பார்ன்ஸ்லி ஊரின் ஓய்வுபெற்றோர் குழுவினர் மனுவோடு நிற்கவில்லை. கூட்டமாக ரயிலேறினார்கள், ஷெஃபீல்டை ஒட்டிய மெடோஹால் வரை போனார்கள், டிக்கெட் எடுக்க மாட்டோம் என்றார்கள். வாரா வாரம். தங்களை "ஃப்ரீடம் ரைடர்ஸ்" என்று அழைத்துக்கொண்டார்கள். பாட்டும் பதாகையுமாக வரும் எழுபது வயதுக்காரர்களை இறக்கிவிடுவது எந்த ரயில் ஊழியருக்கும் சுலபமில்லை. ஜூனில் ஷெஃபீல்ட் நிலையத்தில் போலீஸ் இரண்டு பேரைக் கைது செய்தது. அந்தப் படங்கள் நாடு முழுக்கப் போயின. வழக்கு பிற்பாடு கைவிடப்பட்டது. ஊனமுற்றோருக்கு இலவசம் திரும்பியது, முதியோருக்கு அரைக் கட்டணம் கிடைத்தது.

1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் நாட்டிலேயே மலிவான பஸ் கட்டணம் இருந்த பகுதி இது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதை அனுபவித்த தலைமுறைதான் 2014-இல் ரயிலில் உட்கார்ந்திருந்தது.

இது தகுமா என்ற கேள்வி

ஆண்டுக்குச் சுமார் 100 கோடி பவுண்டு செலவில் பணக்கார ஓய்வூதியருக்கும் எதற்கு இலவசம் என்ற கேள்வி அவ்வப்போது எழும். 2013-இல் ஓர் அமைச்சரே, வசதியுள்ளவர்கள் இத்தகைய சலுகைகளைத் திருப்பித் தரலாமே என்றார். என் பதில் எளிது. வசதியுள்ளவர் பெரும்பாலும் கார் ஓட்டுகிறார், பஸ்ஸில் ஏறாதவருக்காக அரசு எதுவும் கட்டுவதில்லை. வருமானச் சான்று கேட்டு வடிகட்டினால் முதலில் வெளியே நிற்பவர் பணக்காரராக இருக்க மாட்டார், படிவம் நிரப்பத் தெரியாதவராக இருப்பார்.

பலன் பற்றிய ஆய்வுகளில் எனக்கு நம்பிக்கை தருவது லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2012-இல் வெளியிட்டது. பாஸ் உள்ளவர்கள் அடிக்கடி நடக்கிறார்கள் என்று அதில் தெரியவந்தது. நிறுத்தம் வரை நடந்தாக வேண்டுமே! செலவழிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 2.87 பவுண்டு பலன் என்ற 2014-ஆம் ஆண்டுக் கணக்கையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அதை வெளியிட்ட அமைப்புக்குப் பின்னால் பஸ் கம்பெனிகள் இருந்தன என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன்.

இப்போதைய போராட்டம் மூன்று இடத்தில் நிற்கிறது. வயதை மறுபடி 60 ஆக்கு. காலை 9 மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டியவரை 9.30 வரை காத்திருக்க வைக்காதே. கிராமத்துக்குப் பஸ்ஸைத் திருப்பி விடு. மூன்றில் கடைசியதற்குத்தான் அதிகப் பணமும் அதிகப் பிடிவாதமும் தேவைப்படும், முதலில் வைக்க வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நாட்டெல்லை பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்ற நான்கு பகுதிகளின் பாஸ்களும் ஒன்றுக்கொன்று செல்லும்படி செய்ய 2007 சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எல்லையோரத்துச் சில வழித்தடங்களைத் தவிர, இங்கிலாந்துப் பாஸ் வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் செல்லாது. அயர்லாந்துத் தீவிலோ 2007-லேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். வட அயர்லாந்தில் 65 தாண்டியவர் பெல்ஃபாஸ்டில் ஏறி இன்னொரு நாட்டிலிருக்கும் கார்க் வரைக்கும் இலவசமாகப் போகலாம், ரயிலிலும் கூட.